டவர் போன மத்தியானம்

போனின் நெற்றியில் டவர்க் கோடுகள் நிற்கிற இடத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி உட்கார்ந்திருந்தது. பூங்காவனம் அதைப் பார்த்தபோது உள்ளே கலியமூர்த்தியின் கையில் ஊசிகளை ஏற்றி டயாலிசிஸ் மெஷினை ஓடவிட்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் புருஷனின் பாதங்கள் மட்டும் போர்வைக்கு வெளியே தெரிந்தன. வெளியே பண்ருட்டி வெயில். காத்திருக்கும் கூடத்தில் மின்விசிறி சுற்றுவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தது. டவர் போவதெல்லாம் ஒரு விஷயமா, ஊரில் எல்லோருக்கும்தான் போகிறது, வருகிறது என்று போனை ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்தாள். வரவில்லை. தலைக்கு மேலே தூக்கினாள். 'சேவை இல்லை' என்று போன் தமிழிலேயே சொன்னது. தான் ஒன்றும் பதறவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள் போனை மறுபடியும் தூக்கிப் பிடித்திருந்தாள். இதை வெறும் போன் என்று யார் சொல்ல முடியும்? சென்னை ஆஸ்பத்திரியில் கிட்னிக்குப் பேர் பதிந்துவிட்டு வந்த நாளிலிருந்து அவர் உயிர் இதற்குள்ளிருந்துதான் வரவேண்டும். பதிந்துகொண்ட அம்மா தெளிவாகத்தான் சொன்னாள். "எப்ப வரும்னு எங்களுக்கே தெரியாதும்மா. மூளைச்சாவுன்னு யாராவது குடுத்தாதான் உண்டு. வந்துச்சுன்னா கூப்பிடுவோம். அடிச்ச உடனே எடுக்கணும். எடுக்கலன்னா வரிசையில அடுத்தவங்களுக்குப் போயிடும். அப்புறம் எங்க மேல வருத்தப்படக் கூடாது." அன்றைக்குப் பிடித்து அவள் போனை விட்டுப் பிரிந்ததில்லை. குளிக்கும்போது சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பாள். கோயிலுக்குள்ளே அணைக்கச் சொன்ன குருக்களிடம் சண்டை போட்டிருக்கிறாள்.

விமானப் படத்தைத் தொட்டு எரியவிட்டு அணைத்தாள். பெருக்கல் குறி போய், புள்ளிகள் ஓடி, திரும்பவும் பெருக்கல் குறி வந்தது. போனையே அணைத்து மறுபடி ஏற்றினாள். கம்பெனிப் பேர் சாவகாசமாக மின்னி மறைகிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள், மூச்சு விட்டால் டவர் பயந்து ஓடிவிடும் என்பது மாதிரி. வரவில்லை. காலையிலிருந்து யாராவது கூப்பிட்டார்களா? கூப்பிடவில்லை. கடன் வேண்டுமா என்று தினமும் கேட்கிற அந்தப் பெண் குரல்கூட இன்றைக்கு வரவில்லை. பஸ்ஸில் வரும்போது, அப்பாடா, இன்றைக்கு ஒரு சனியனும் தொந்தரவு பண்ணவில்லை என்று சந்தோஷமாக இருந்தாளே! அப்படியானால் காலையிலிருந்தே செத்துத்தான் கிடந்ததா? காலையிலா, நேற்று ராத்திரியிலிருந்தா? அதற்கு நடுவில் சென்னையில் அந்த அம்மா மேஜைமேல் இருக்கிற போனை எடுத்து இவள் நம்பரைப் போட்டிருந்தால்? போட்டிருப்பாள். ஒரு தடவை போட்டிருப்பாள். மனசு இருந்தால் இரண்டாவது தடவையும் போட்டிருப்பாள். அப்புறம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்த நம்பரைப் போட்டிருப்பாள். யாரோ ஒருத்தி, ஆரணியிலோ அரக்கோணத்திலோ, மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு முதல் மணியிலேயே எடுத்திருப்பாள். அவள் புருஷன் இந்நேரம் காரில் போய்க்கொண்டிருப்பான். பூங்காவனம் அந்தக் காரைப் பார்த்தாள். பின் சீட்டில் தலையணை வைத்திருந்தார்கள்.

"என்னாக்கா, போனப் போட்டு அந்த அமுக்கு அமுக்கறீங்க?" என்று பக்கத்து நாற்காலி அஞ்சுகம் கேட்டாள். நெல்லிக்குப்பத்துக்காரி, தம்பிக்குத் துணையாக வருகிறவள், கிழமை ஒத்துப்போவதால் பழக்கம். "டவர் இல்ல அஞ்சுகம்." "எனக்கு ஃபுல்லா இருக்குதே. சிம்மக் கயட்டி மாட்டுங்க." சொன்னதோடு நிற்காமல் வளையலில் கோத்திருந்த ஊக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஊக்கின் முனையைப் பக்கவாட்டு ஓட்டைக்குள் விடப் போனால் கை நடுங்கி நடுங்கி விலகியது. இதே கைதானே முதல் தடவை அவர் கையில் அந்தத் தடித்த ஊசியைக் குத்தும்போது இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நின்றது. அப்போது ஆடாதது இப்போது ஆடுகிறதே. தட்டு வெளியே வந்தது. நகத்தளவுகூட இல்லை அந்தச் சிம். முந்தானையில் துடைத்தாள், வாயால் ஊதினாள், தவறிக் கீழே விட்டுவிடுவோமோ என்று பயந்து மடியை விரித்து வைத்துக்கொண்டாள். திரும்பப் போட்டும் வரவில்லை. அஞ்சுகம் தன் சிம்மைக் கழற்றி இவள் போனில் போட்டுப் பார்த்தாள்; கோடுகள் மளமளவென்று எழுந்து நின்றன. இவள் சிம்மைத் தன் போனில் போட்டாள். அங்கேயும் அதே பெருக்கல் குறி. "போன் நல்லாத்தான் இருக்குது. உங்க நம்பர்தான் படுத்துக்கிச்சு" என்றாள் அஞ்சுகம். டாக்டர்களும் இப்படித்தான். முதலில் நல்லா இருக்கிறதை எல்லாம் சொல்லிவிட்டு அப்புறம்தான் வருவார்கள். இருதயம் நல்லா இருக்கு, ஈரல் நல்லா இருக்கு.

உள்ளே கலியமூர்த்தி தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பூங்காவனம் உடனே பல்லைக் காட்டினாள். அவரிடம் சொல்லக் கூடாது. மெஷினில் இருக்கும்போது பிரஷர் ஏறினால் என்ன ஆகும் என்று போன மாசம்தான் பார்த்தாள். அவருக்கென்று ஒரு பட்டன் போன் இருந்தது. ஐப்பசி மழையில் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து போனதிலிருந்து வீட்டுக்கு இந்த ஒரே போன். இரண்டாவது நம்பர் ஒன்று கேட்டார்களே! சட்டென்று அது ஞாபகம் வந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். பேர் பதிகிற அன்றைக்கு இவள் ஆதார் ஜெராக்ஸ் எடுக்கக் கீழே போயிருந்தாள். திரும்பி வரும்போது அந்த அம்மா, "இன்னொரு நம்பரும் வாங்கிக்கிட்டேன்" என்றாள். யாருடையதைக் கொடுத்தீர்கள் என்று பஸ்ஸில் கேட்டதற்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு, "குடுத்தேன், குடுத்தேன்" என்றார். அவ்வளவுதான் பதில். நெய்வேலி நாத்தனாருடையதாக இருக்கும். அவள் மாசத்துக்கு ஒரு நம்பர் மாற்றுகிறவள். இல்லையென்றால் தண்ணீரில் போன அந்தப் பட்டன் போன் நம்பரையே கொடுத்திருப்பார், அவர் சாமர்த்தியம் அவ்வளவுதான். கோபம் வந்தது. கோபம் வந்ததில் பயம் கொஞ்சம் குறைந்தது. அதனால் இன்னும் கொஞ்ச நேரம் கோபப்பட்டுக்கொண்டாள்.

கோபத்தோடு வேறொன்றும் சேர்ந்து வந்தது. அதை அவள் நினைப்பதில்லை. நினைக்காமல் இருப்பதற்கென்றே தனியாகப் பழகி வைத்திருந்தாள். திருவதிகை கோயிலில் கண்ணை மூடி நின்றால், அவருக்குக் கிட்னி கிடைக்கணும் என்று வேண்டுவாள்; அதற்கு மேலே வாக்கியத்தைக் கொண்டுபோகமாட்டாள். எப்படிக் கிடைக்கும், யாரிடமிருந்து கிடைக்கும் என்பதை அவள் சாமிக்குச் சொல்லித்தரவில்லை. ஆனாலும் சாலையில் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனால் ஊரே பாவம் என்னும்போது இவள் கை தானாகப் போனைத் தொட்டுப் பார்க்கும். மழை நாளில் பையன்கள் பைக்கில் பறந்தால் மெதுவாப் போங்கடா என்று சத்தம் போடுவாள், ரொம்பப் பெரிதாகவே போடுவாள், சாமி காதிலும் விழட்டும் என்று. நான் யார் குடியும் கெட வேண்டவில்லை. வேண்டவில்லை, காத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருவேளை சாமிக்கு அது தெரிந்துதான் டவரைப் பிடுங்கிவிட்டதோ? சே, சாமிக்கு வேற வேலை இல்லையா.

"கஸ்டமர் கேர்ல கேட்டுடுங்கக்கா" என்று அஞ்சுகம் தன் போனிலிருந்தே போட்டுக் கொடுத்தாள். ஒரு பாட்டு ஓடியது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பெண் அதட்டலும் இல்லாமல் அன்பும் இல்லாமல் சொன்னாள். கடைசியில் ஒரு பையன் வந்தான். இவள் நம்பரைச் சொன்னாள். "கனெக்ஷன் யாரு பேர்ல மேடம் இருக்கு?" பூங்காவனத்துக்கு அப்போதுதான் தூக்கிவாரிப்போட்டது. யார் பேரில்? அவர் பேரில் இல்லை. இவள் பேரில் இல்லை. மூத்தார் பேரில். கூட்டுக்குடும்பமாக இருந்த காலத்தில் கலியமூர்த்தியின் அண்ணன்தான் எல்லோருக்கும் போன் வாங்கித் தந்தார். ஆதாரைக் கொடுத்து, கட்டைவிரலை வைத்து, எல்லா நம்பரும் என் பேர்லயே இருக்கட்டும் என்று மீசையைத் தடவிக்கொண்டார். பிற்பாடு பாகம் பிரித்தார்கள். பலாமரத்தைப் பிரித்தார்கள், முந்திரித் தோப்பைப் பிரித்தார்கள், பித்தளை அண்டாவுக்குப் பெரியவர்கள் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசினார்கள். நம்பரைப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. "பேரு மேடம்?" என்றான் பையன். "எங்க வீட்டு மூத்தவருங்க." "பேரு சொல்லுங்க மேடம்." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் புருஷன் பேரையோ மூத்தார் பேரையோ வாயால் சொன்னதில்லை. மாமியார் அப்படித்தான் வளர்த்துவிட்டாள்; மாமியார் போனாள், பழக்கம் போகவில்லை. ரேஷன் கடையில்கூடப் பேர் கேட்டால் அட்டையை நீட்டிவிடுவாள். சண்டை போடும்போதும் 'உங்க அண்ணன்' என்றுதான் திட்டியிருக்கிறாள். இப்போதும் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டது. இவ்வளவு பயத்திலும் வெட்கம் வேறு, கேவலம். தன் செத்த போனில் எழுத்தெழுத்தாகத் தட்டி அஞ்சுகத்திடம் காட்டினாள். "தெய்வசிகாமணி" என்று அஞ்சுகம் போனுக்குள் கத்தினாள், கத்திவிட்டுச் சிரித்தாள்.

பையன் ஏதோ தட்டிப் பார்த்தான். "போன் தொலைஞ்சு போச்சு, நிறுத்தி வைங்கன்னு ஓனரே சொல்லியிருக்காரு மேடம். நேத்து. அவரே வந்து கேட்டாதான் திரும்பக் குடுக்க முடியும். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" வேறு உதவியா? தொலைந்த போன் அவள் கையில் வேர்த்துக்கொண்டிருந்தது. நேற்று சாயங்காலம். இவள் வீட்டு ஜலதாரைத் தண்ணீர் மூத்தார் வாசலில் தேங்குகிறது என்று ஆரம்பித்த பேச்சு. அவர் திண்டிவனம் வரைக்கும் கேட்கிற குரலில் ஒன்று சொல்ல, இவள் ஒன்பது சொல்ல, கடைசியில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "உங்க தயவுல ஒண்ணும் நாங்க உசுரு வச்சிக்கிட்டு இல்ல" என்றாள். அவர் விருட்டென்று உள்ளே போய்விட்டார்; போய் நம்பரை நிறுத்தியிருக்கிறார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து இவள் அன்றைக்கு ஒரு கரண்டி சோறு கூடச் சாப்பிட்டாள். பாவி மனுஷா. உன் தம்பி ஐயா. உன் கூடப் பிறந்தவன் ஐயா. இந்த நம்பர்தான் அவன் மூச்சு என்று உனக்குத் தெரியுமா? தெரியாது. யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. பேர் பதிந்ததை அக்கம்பக்கத்தில் சொல்ல வேண்டாம், கண்ணு பட்டுவிடும் என்று வாயைக் கட்டியது பூங்காவனமேதான். அப்புறம் யாரைத் திட்டுவது? திட்ட ஆள் இல்லாமல் போனதும் பயம் முழுசாக வந்து மேலே உட்கார்ந்துகொண்டது.

சென்னைக்கே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். நம்பர் போனில் இருக்கிறது, அஞ்சுகத்தின் போனில் போட வேண்டியதுதான். போட்டாள். எல்லா எண்ணையும் போட்டுவிட்டுப் பச்சைப் பொத்தானுக்கு மேலே கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டால் என்ன சொல்வார்கள்? ஒன்றும் வரவில்லைம்மா என்று சொல்வார்கள். அப்படிச் சொன்னால் கோயிலுக்கு ஒரு கூடை அகல் விளக்கு. இல்லையென்றால், காலையில கூப்பிட்டோமே, நீங்க எடுக்கலையே என்று சொல்வார்கள். அதற்கு அப்புறம் இந்த நாற்காலியிலிருந்து எழுந்து, அந்தக் கதவைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்து என்ன சொல்வாள்? கேட்காத வரைக்கும் அது நடக்கவில்லை. கேட்காத வரைக்கும் அவர் வரிசையில் நிற்கிறார். முட்டாள், நீ கேட்காவிட்டால் நடந்தது நடக்காமல் போய்விடுமா? போகாது. இன்னும் கொஞ்ச நேரம் தெரியாமல் இருக்கட்டுமே. அஞ்சுகம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அமுக்குங்கக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். அமுக்கினாள். அந்தப் பக்கம் வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாகக் குரல் வந்தது. யாரோடு பேசுகிறார்கள்? அடுத்தவளோடுதான். அந்த ஆரணிக்காரியோடுதான். இந்த நிமிஷம், இந்தக் குரலுக்குப் பின்னாலேதான் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். திரும்பவும் போட்டாள், அதே குரல். மறுபடியும் போட்டாள், மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. எல்லோரும் அறுவை அறைக்கு ஓடியிருப்பார்கள்.

அஞ்சுகத்தின் தம்பிக்கு முடிந்துவிட்டது. பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்தான். "நெல்லிக்குப்பம் பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா. நான் வேணா இருக்கட்டுமா, அடுத்த பஸ்ஸுல போறேன்" என்றாள் அஞ்சுகம். பிள்ளை சோர்ந்து சுவரில் சாய்ந்துவிட்டான். "போ அஞ்சுகம். டவர் வந்துடும்" என்றாள் பூங்காவனம். எதற்காகச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நல்ல பெண் முன்னால் நல்ல பெண்ணாக இருக்க வேண்டும் என்று ஒரு வியாதி. அவர்கள் படியிறங்கிப் போனார்கள், வேலை செய்கிற போனும் அவர்களோடு போனது. ஊக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கவுண்டரில் ஒரு போன் இருக்கிறது, எழுந்து போய்க் கேள். எழுந்திரு. எழுந்திருக்கவில்லை. உள்ளே அவர் பாதங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டன, குளிர்கிறதாக்கும், இரத்தம் வெளியே சுற்றி வரும்போது குளிரும் என்பார். எழுந்து போய்ப் போர்வையை இழுத்துவிடவும் பயமாக இருந்தது. முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். டவர் பெருக்கல் குறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஏதோ ஒரு பைக் வந்து, ஸ்டாண்டு போடாமல் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது.

வாசலில் தெய்வசிகாமணி நின்றார். மேல்சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. நெற்றி வேர்வை மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது. பூங்காவனம் எழுந்துவிட்டாள், எழுந்தது மரியாதைக்கா அடிக்கவா என்று அந்த நிமிஷத்தில் அவளுக்கே நிச்சயமில்லை. "தம்பி உள்ள இருக்கானா?" என்றார். இன்றைக்கு டயாலிசிஸ் கிழமை என்று இவருக்கு யார் சொன்னது? பேச்சுவார்த்தை இல்லாத வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இத்தனை நாளும் கணக்கு வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். "மெட்ராஸ்லேர்ந்து கூப்பிட்டாங்க. மொத நம்பர் போவல, ரெண்டாவது நம்பருக்குப் போடறோம்னாங்க. என் நம்பர அவன்தான் குடுத்திருக்கான். கிட்னி வந்திருக்காம். பொழுது சாயறதுக்குள்ள வரணுமாம். வந்துடுவோம்னு சொல்லிட்டேன். கார் வருது." அவர் நிறுத்தினார். மூச்சு வாங்கியது. "மொத நம்பர் ஏன் போவலன்னு அந்தம்மா கேட்டுச்சு. நான் என்னான்னு சொல்லுவன்? நாந்தான் நேத்து..." முடிக்கவில்லை. ஆறடி உயரத்து மனுஷர் குனிந்து, பூங்காவனத்தின் காலைப் பார்ப்பதுபோலத் தரையைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது பூங்காவனம். சத்தியமா, அதுலதான் கூப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

திட்டுவதற்கு அவளிடம் ஒரு மத்தியானம் முழுக்கச் சேர்த்து வைத்த வார்த்தை இருந்தது. ஒன்றுகூட வரவில்லை. வந்துவிட்டது. வராது வராது என்று நடுங்கியது வந்துவிட்டது, நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. அப்படியானால் எங்கேயோ ஒரு வீட்டில் இன்றைக்கு இழவு விழுந்துவிட்டது. யார்? பைக்கில் போன பையனா? யாருடைய பிள்ளை? அவன் அம்மாவும் இப்படி ஒரு கூடத்தில் உட்கார்ந்து, சரி என்று தலையாட்டியிருப்பாள். இனிமேல் காரில் போக வேண்டும், அவரை அறுப்பார்கள், வேறொருவர் உறுப்பு அவருக்குள் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தால் என்ன செய்வது? மூத்தார் தன் போனை நீட்டினார். "இத நீ வச்சிக்க. இனிமே இதுலதான் கூப்பிடுவாங்க." கொடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவருகே போய்த் தம்பியின் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். போன் அவள் கையில் சூடாக இருந்தது. நெற்றியில் கோடுகள் நிமிர்ந்து நின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடித்தது.

இத்தனை நாளும் காத்திருந்த சத்தம். இப்போது எடுக்கப் பயமாக இருந்தது. இல்லை, வேறு யாருக்கோ ஒத்துப்போய்விட்டது, வர வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்களோ? அடித்துக்கொண்டே இருந்தது. மூத்தார் திரும்பிப் பார்த்தார். எடுக்கவில்லை என்றால் அடுத்தவர்களுக்குப் போய்விடும். எடுத்தாள். "நோயாளி கிளம்பிட்டாரா? நீங்க யாரும்மா பேசறது?" என்று அதே அம்மாவின் குரல் அவசரமாகக் கேட்டது. பூங்காவனம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

"தெய்வசிகாமணி வீட்டுலேர்ந்து பேசறேன்" என்றாள். "கிளம்பிட்டோம்மா."